61 ஆம் மாதம்: உதவித்தொகை நின்ற பிறகு ஆய்வேட்டை முடிப்பது எப்படி? ஒரு நிகழ்வு ஆய்வு

யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கும் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளருக்குப் பணம் வருவது அதிகபட்சம் 5 ஆண்டு. ஆய்வேட்டை ஒப்படைக்க யு.ஜி.சி. விதிமுறைகள் (2016, 2022 இரண்டுமே) தரும் காலம் 6 ஆண்டு. ஒப்படைத்த நாளிலிருந்து மதிப்பீடு, வாய்மொழித் தேர்வு எல்லாம் 6 மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பதும் அதே விதிமுறைகளில்தான் இருக்கிறது. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே பள்ளம் தெரிந்துவிடும். 60 ஆம் மாதம் பணம் நிற்கும். ஆய்வேடு அப்போது பெரும்பாலும் நான்காம் இயலில் இருக்கும்.

சேர்ந்த அன்றே தெரிகிற பள்ளம் இது. ஆனாலும் பெரும்பாலானோர் 58 ஆம் மாதத்தில்தான் தேடத் தொடங்குகிறார்கள். அந்த நேரத்தில் திறந்திருக்கும் கதவுகள் மிகக் குறைவு. ஏன் அப்படி, எவை திறந்திருக்கும், எந்த மாதத்தில் எதைச் செய்ய வேண்டும் என்பதை ஒரு மாதிரிக் கணக்கை வைத்துப் பார்ப்போம்.

எடுத்துக்கொண்ட நிலை

திருச்சியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத் துறை. சமூக அறிவியல் ஆய்வாளர். 2021 ஜனவரியில் பதிவு, அதே மாதம் ஜே.ஆர்.எஃப். தொடக்கம். இவர் குறிப்பிட்ட ஒரு நபர் அல்லர். அடிக்கடி காணும் நிலைமைகளை ஒரே கோப்பாகக் கட்டியது. ஆனால் உதவித்தொகை விகிதங்கள் நடைமுறையில் உள்ளவை.

முதல் 24 மாதம் 31,000 ரூபாய் வீதம். 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப். 37,000, எஸ்.ஆர்.எஃப். (இரண்டு ஆண்டுக்குப் பின் வரும் முதுநிலை உதவித்தொகை) 42,000 என்று உயர்ந்தது. இவர் 25 ஆம் மாதத்தில் நுழைந்த நாளும் அதுவே. கன்டின்ஜென்சி (களப்பணி, நூல், எழுதுபொருள் போன்ற ஆய்வுச் செலவுக்கான தொகை), சமூக அறிவியலுக்கு முதல் இரண்டு ஆண்டும் ஆண்டுக்கு 10,000, பிறகு ஆண்டுக்கு 20,500. விடுதியில் இல்லாதவருக்கு வீட்டு வாடகைப்படி தனி.

2025 டிசம்பர் 31 அன்று உதவித்தொகை முடிகிறது. அன்றைய நிலை: தரவு முழுதும் கையில், ஐந்து இயல்களில் மூன்று நெறியாளர் பார்த்து முடித்தவை, ஒன்று வரைவு, ஒன்று தொடங்கவில்லை. சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) மார்ச் 2026, ஒப்படைப்பு ஜூன் 2026, வைவா (வாய்மொழித் தேர்வு) டிசம்பர் 2026 என்பது நியாயமான கணிப்பு. ஆக 12 மாதம் வருமானம் இல்லை.

அறை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் மாதம் 14,000 என்று வைத்தால் 1,68,000. பதிவு நீட்டிப்புக் கட்டணம், ஒப்படைப்புக் கட்டணம், அச்சு, புத்தகக் கட்டு, மெய்ப்பு பார்த்தல் இவற்றுக்கு 22,000. மொத்தம் 1,90,000 ரூபாய் வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது: வர வேண்டிய பழைய பணம்

புதிய திட்டம் எது கிடைக்கும் என்று தேடுவதற்கு முன் தன் பெயரில் எவ்வளவு வராமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் மிக விரைவாகக் கிடைக்கக்கூடிய பணம் இதுதான். இதற்குப் போட்டி இல்லை, நேர்காணல் இல்லை.

மாதிரிக் கோப்பைத் திறந்தால் மூன்று ஓட்டைகள் தெரிகின்றன.

ஒன்று, எஸ்.ஆர்.எஃப். உயர்வு. இரண்டு ஆண்டு முடிந்ததும் மூவர் குழு கூடி ஆய்வு முன்னேற்றத்தை மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும். வெளி உறுப்பினர் தேதி கிடைக்காமல் குழு ஐந்து மாதம் தாமதமாகக் கூடியது. அந்த ஐந்து மாதமும் 37,000 வீதமே வந்தது. குழு அறிக்கையில் உயர்வு இரண்டு ஆண்டு நிறைவடைந்த மறுநாளிலிருந்து என்று எழுதப்பட்டிருந்தும், போர்ட்டலில் ஏற்றியவர் குழு கூடிய தேதியைப் போட்டுவிட்டார். மாதம் 5,000 வீதம் 25,000 ரூபாய் நிற்கிறது.

இரண்டு, வாடகைப்படி. ஜூலை 2023 இல் விடுதியைக் காலிசெய்து வெளியே அறை எடுத்தார். விடுதியில் இல்லை என்ற சான்றைத் துறை ஜனவரியில்தான் கொடுத்தது. வாடகைப்படிக்கான நகரப் பிரிவில் திருச்சி ஒய் வகை நகரம். அந்த வகைக்கு மத்திய அரசின் விகிதம் 2023 இல் 18 விழுக்காடு. 42,000க்கு 7,560. ஆறு மாதத்துக்கு 45,360.

மூன்று, நான்காம் ஆண்டு கன்டின்ஜென்சி. களப்பணி பில்கள் இருந்தன, பயன்பாட்டுச் சான்றிதழ் எழுதிக் கையெழுத்து வாங்கவில்லை. 20,500.

கூட்டினால் 90,860 ரூபாய். தேவையில் பாதிக்கு அருகில். இதைக் கேட்டு வாங்க வேண்டிய காலம் 48 ஆம் மாதத்துக்கும் 54 ஆம் மாதத்துக்கும் இடையில். உதவித்தொகை ஓடிக்கொண்டிருக்கும்போது பாக்கியைச் சேர்த்துக் கேட்பது ஒரு வேலை. கணக்கு முடிந்த பிறகு கேட்பது பத்து வேலை. செக்‌ஷனில் ஆள் மாறியிருப்பார், பழைய கோப்பு வேறு பீரோவுக்குப் போயிருக்கும், நெறியாளர் ஓய்வு பெற்றிருக்கலாம்.

பணம் வரும் வழியையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மாதந்தோறும் நிறுவனத்தில் ஒருவர் (மேக்கர்) ஆய்வாளரின் வருகையை உறுதிசெய்து ஏற்றுவார். இன்னொருவர் (செக்கர்) அதை ஒப்புதல் செய்வார். இருவரில் ஒருவர் விட்டாலும் அந்த மாதம் வராது. அடுத்த மாதம் தானாகச் சேர்ந்து வரும் என்று இருந்துவிடக் கூடாது. விடுபட்ட மாதத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஆதார் வழியாக வரும் பணம், ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். ஏதோ ஒரு சலுகைக்காகப் புதுக் கணக்கு தொடங்கி ஆதாரை இணைத்தவர்கள், பழைய கணக்கில் பணம் வரவில்லை என்று மாதக்கணக்கில் அலைவது இதனால்தான். வங்கி இணைப்புகளால் ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியவர்களும் தங்கள் பதிவில் புது எண் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

கன்டின்ஜென்சி பில்லில் ஒரு நுணுக்கம். பில் தேதி உதவித்தொகை காலத்துக்குள் இருக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் பணத்தை மார்ச்சில் செலவழிக்கலாம் என்று வைத்திருந்தால், டிசம்பரோடு அது போய்விடும். கடைசிச் சுற்றுக் களப்பயணம், நூல்கள், எழுதுபொருள், ஹார்டு டிஸ்க் இவற்றையெல்லாம் 57, 58 ஆம் மாதங்களில் வாங்கி முடிக்க வேண்டும்.

பொருந்தாமல் போன திட்டங்கள்

மாதிரி ஆய்வாளர் தேடியவற்றில் பல இவருக்குப் பயன்படாது. ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் விண்ணப்பம் எழுதும் வாரங்கள் மிச்சமாகும்.

ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம்) தரும் முழுக்கால முனைவர் உதவித்தொகை மாதம் 20,000, ஆண்டுக்கு 20,000 கன்டின்ஜென்சி, இரண்டு ஆண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் விண்ணப்பம், பரிசீலனை, நேர்காணல், முடிவு, பல்கலைக்கழக இணைப்பு என்று பணம் கைக்கு வரப் பல மாதம் ஆகும். ஆறு மாதத்தில் ஒப்படைக்கப் போகிறவருக்கு அது வந்து சேர்வதற்குள் வேலை முடிந்துவிடும். ஏற்கெனவே வேறு உதவித்தொகையில் ஆய்வு செய்தவரை ஏற்பார்களா என்பதற்கு அறிவிப்பில் தனி வரி இருக்கும். முதலில் படிக்க வேண்டியது அந்த வரிதான். இதே அமைப்பின் குறுங்கால முனைவர் உதவித்தொகை, தரவு சேகரித்து முடித்து எழுதும் நிலையில் இருப்பவர்களுக்கானது. அறிவிப்பு வரும் காலத்தில் பதிவு நடப்பில் இருக்கும் சமூக அறிவியல் ஆய்வாளர் கட்டாயம் பார்க்க வேண்டும். விண்ணப்பத்தில் அவர்கள் தேடுவது புதுக் கேள்வியை அல்ல. எத்தனை இயல் முடிந்தது, மீதி எத்தனை பக்கம், எந்த மாதம் ஒப்படைப்பு என்பதைத்தான். முடிந்த இயல்களின் பக்க எண்ணிக்கையைக் கூடத் தராமல் ஆய்வின் முக்கியத்துவத்தை மூன்று பக்கம் எழுதி அனுப்பும் விண்ணப்பம் இந்த வகையில் எடுபடாது.

வரலாற்று ஆய்வாளருக்கு ஐ.சி.எச்.ஆர். (இந்திய வரலாற்று ஆய்வுக் கழகம்) தரும் இளநிலை உதவித்தொகை இருக்கிறது: மாதம் 17,600, ஆண்டுக்கு 16,500 கன்டின்ஜென்சி, இரண்டு ஆண்டு. இதுவும் தொடக்க, நடுக் கட்டத்துக்கு உரியது. ஆவணக் காப்பகப் பயணம் மட்டும் மீதி இருந்தால், அதே அமைப்பின் ஆய்வுப் பயண உதவியைக் கேட்பதே பொருத்தம்.

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள கம்பெனி கால ஆவணங்களைப் பார்க்காமல் ஓர் இயல் நிறைவடையாது என்ற நிலையில் இருப்பவருக்குச் சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை குறுகிய ஆய்வுப் பயணங்களுக்கு உதவுகிறது. பிரிட்டனிலேயே முனைவர் பட்டம் செய்து இறுதிக் கட்டத்தில் பணம் தீர்ந்த இந்தியர்களுக்கும் அது சிறு தொகை தருவது உண்டு. நம் மாதிரி ஆய்வாளருக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோருக்கான தேசிய உதவித்தொகைகள் ஜே.ஆர்.எஃப். விகிதத்திலேயே ஓடுகின்றன, பள்ளமும் அதேதான். 2022 அக்டோபரில் யு.ஜி.சி.யிடமிருந்து பட்டியல் இனத்தவர் திட்டம் என்.எஸ்.எஃப்.டி.சி. என்ற மத்திய அரசு நிதிக் கழகத்துக்கும் பிற்படுத்தப்பட்டோர் திட்டம் என்.பி.சி.எஃப்.டி.சி. என்ற நிதிக் கழகத்துக்கும் கைமாறின. இப்படிக் கைமாறும் காலங்களில் தாமதம் வரும். தேர்வு ஆணை எண், பழைய போர்ட்டல் அடையாள எண், மாதவாரி வரவுப் பட்டியல் மூன்றையும் அச்செடுத்து வைத்திருப்பவர் பாக்கி கேட்கும்போது வாதாட வேண்டியிருக்காது. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகைக்குப் புதிதாக யாரையும் 2022-23 முதல் சேர்ப்பதில்லை. அதை நம்பித் திட்டமிடக் கூடாது.

பதிவு நீள்வது வேறு, பணம் நீள்வது வேறு

இங்கே விழுகிறவர்கள் நிறையப் பேர். 2022 விதிமுறைப்படி 6 ஆண்டுக்குப் பின் மறுபதிவு செய்து இன்னும் 2 ஆண்டு பெறலாம். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை. இவை எல்லாம் பதிவுக் காலத்துக்கானவை. யு.ஜி.சி. உதவித்தொகையின் மொத்தக் காலம் 5 ஆண்டுதான். நீட்டிப்பு ஆணை கையில் இருக்கிறது, பணமும் வரும் என்று நினைத்து வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

இன்னொரு தேதிக் கணக்கு: பதிவு செய்து ஓராண்டு கழித்து ஜே.ஆர்.எஃப். கிடைத்தவருக்குப் பள்ளம் சிறியது, ஏனென்றால் 5 ஆண்டு உதவித்தொகையில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணப்படும். ஆனால் அவருடைய 6 ஆண்டு பதிவுக் காலம் முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. இரண்டு தேதிகளையும் ஒரே தாளில் எழுதி மேசைக்கு முன் ஒட்டி வைக்க வேண்டும்.

ஒப்படைத்ததும் உதவித்தொகை நின்றுவிடும் என்பதால், 57 ஆம் மாதத்தில் ஆய்வேடு தயாராக இருந்தும் 60 வரை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு 1,26,000 ரூபாய், வாடகைப்படி தனி. ஆசை புரிகிறது. ஆனால் மூன்று மாதம் தள்ளினால் வைவாவும் பட்டமும் மூன்று மாதம் தள்ளும். அந்த இடைவெளியில் ஒரு பணிக்கான கடைசித் தேதி போய்விட்டால் இழப்பு பல மடங்கு. அந்த மூன்று மாதத்தில் உண்மையாகவே திருத்த வேண்டிய இயல் இருந்தால் வைத்திருக்கலாம். இல்லையென்றால் கொடுத்துவிடுவதே மேல்.

மாதிரிக் கோப்பு எப்படி மூடப்பட்டது

தேவை 1,90,000. அதில் ஜனவரி முதல் ஜூன் வரை 84,000, ஆய்வேட்டுச் செலவு 22,000, ஆக முதல் பாதிக்கு 1,06,000. பாக்கி 90,860 டிசம்பருக்குள் வந்தது. குறை 15,140. இதற்கு 49 ஆம் மாதத்திலிருந்து 60 ஆம் மாதம் வரை மாதம் 3,000 தனிக் கணக்கில் போட்டு வைத்த 36,000 இருந்தது. 42,000 வரும் காலத்தில் 3,000 ஒதுக்குவது வலிக்காது. 0 வரும் காலத்தில் 15,000 புரட்டுவது மிகவும் வலிக்கும்.

முதல் பாதியில் வேறு வேலை எதுவும் எடுக்கவில்லை. இது திட்டமிட்ட முடிவு. தொடங்காத ஓர் இயலும் சினாப்சிஸும் கையில் இருக்கும்போது வாரம் 16 மணி நேரம் வகுப்பெடுக்கப் போனவர்களின் ஒப்படைப்பு ஓராண்டு தள்ளிப்போவது சாதாரணம். பாடம் நடத்தும் நேரம் மட்டும் போவதில்லை. தயாரிப்பு, விடைத்தாள், உள்மதிப்பீடு, பயணம் என்று நாளின் நல்ல பகுதி முழுதும் போகும்.

இரண்டாம் பாதிக்கு 84,000. ஜூனில் ஒப்படைத்த கையோடு அரசுக் கலைக் கல்லூரி கௌரவ விரிவுரையாளர் பணி. ஜே.ஆர்.எஃப். பெற்றவர் நெட் (உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் பெற்றவரே, ஆகவே தகுதியில் தடை இல்லை. தமிழ்நாட்டில் மாதம் 25,000, ஆண்டில் 11 மாதம். ஐந்து மாதம் வேலை பார்த்தால் 1,25,000. ஆனால் இந்த ஊதியமும் மாதந்தோறும் தவறாமல் வரும் என்று கணக்குப் போடக் கூடாது. சேமிப்பில் மீந்த 20,860 அந்தத் தாமதத்தைத் தாங்கத்தான்.

முழுநேரப் பதிவில் இருந்துகொண்டு ஊதியம் வாங்கலாமா? ஒப்படைத்த பிறகு வேலைக்குப் போகப் பல பல்கலைக்கழகங்கள் தடை சொல்வதில்லை; ஆனாலும் வாய்ச்சொல்லை நம்பாமல் துறைத்தலைவர் வழியாகக் கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். ஒப்படைப்பதற்கு முன்பே வேலையில் சேர்வதென்றால் பகுதிநேரமாக மாற்றிய ஆணை முதலில் கையில் வேண்டும். பணி ஆணையின் தேதி பகுதிநேர ஆணையின் தேதிக்கு முந்தியிருந்தால், வைவா நெருங்கும்போது யாராவது ஒருவர் மனு போட்டால் போதும், கோப்பு நின்றுவிடும். பகுதிநேரத்துக்கு மாறினால் குறைந்தபட்சக் காலம் கூடுமா என்பதையும் அந்தப் பல்கலைக்கழக விதியில் பார்த்துவிட்டே மாற வேண்டும்.

அறிவியல் துறையாக இருந்தால் வழி சற்று மாறும். நெறியாளரின் அல்லது பக்கத்து ஆய்வகத்தின் திட்டத்தில் ஆள் எடுக்கிறார்களா என்று பார்ப்பது முதல் வேலை, டி.எஸ்.டி. (மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை) 2023 இல் திருத்திய விகிதப்படி திட்டங்களில் ஜே.ஆர்.எஃப். 37,000, எஸ்.ஆர்.எஃப். 42,000. திட்டம் முடிய எத்தனை மாதம் மீதி என்று கேட்காமல் சேரக் கூடாது. ஒப்படைத்த பிறகு தேசிய முதுமுனைவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. பட்டம் வழங்கப்படும் வரை குறைந்த தொகையும் பிறகு முழுத் தொகையும் என்பது அதன் முறை. ஒப்படைத்ததற்கான ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது அதனால்தான்.

உதவித்தொகையே இல்லாதவர்

மாநிலப் பல்கலைக்கழகங்களில் முழுநேர ஆய்வாளர்களில் பலருக்கு ஜே.ஆர்.எஃப். கிடையாது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு நெட் அல்லாத உதவித்தொகையாவது மாதம் 8,000 உண்டு. மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதுவும் இல்லாதவருக்கு மேலே சொன்ன "பாக்கி" என்ற கதவே இல்லை. இவர்களுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., ஐ.சி.எச்.ஆர். உதவித்தொகைகளை இரண்டாம் ஆண்டிலேயே பிடிப்பது முக்கியம். அப்போது பிடித்தால் அந்தப் பணம் நான்காம் ஆண்டு எழுத்துக் காலம் வரை வரும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் ஆகிய முழுநேர ஆய்வாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. ஒருமுறை கிடைத்ததும் தொடர்ந்து வரும் பணம் அல்ல. ஆண்டுதோறும் புதுப்பித்தல் விண்ணப்பம் போட வேண்டும். பலர் நான்காம் ஆண்டில் இதை விட்டுவிடுகிறார்கள், எழுதும் பரபரப்பில். சாதிச் சான்று, வருமானச் சான்று, முழுநேர ஆய்வாளர் என்பதற்கான போனஃபைட் சான்று, நெறியாளரின் முன்னேற்ற அறிக்கை இவற்றை அறிவிப்பு வருவதற்கு முன்பே எடுத்து வைத்திருந்தால்தான் கடைசித் தேதிக்குள் போகும். வருமானச் சான்று தாலுகா அலுவலகத்தில் சிக்கிக்கொள்வதால் விண்ணப்பம் தவறியவர்கள் மற்ற எந்தக் காரணத்தையும் விட அதிகம் இருக்கக்கூடும்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கைப்பேசிச் செயலிக் கடனும் கிரெடிட் கார்டும் வேண்டவே வேண்டாம். வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ வைத்து வாங்குவது குறைந்த சேதம். அதுவும் சினாப்சிஸ் ஒப்புதல் கிடைத்த பிறகு. எப்போது முடியும் என்று தெரியாத ஆய்வுக்கு வட்டிக்கு வாங்கக் கூடாது.

செலவைக் குறைக்கும் இடங்கள்

22,000 என்று வைத்த ஆய்வேட்டுச் செலவு எளிதில் 50,000 ஆகிவிடும். கூடுவது அச்சில் அல்ல.

கருத்துத்திருட்டுச் சோதனைக்கு வெளியில் பணம் கொடுக்கத் தேவையில்லை. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மத்திய அமைப்பான இன்ஃப்லிப்நெட்டின் சோத்சுத்தி திட்டத்தின் கீழ் பல்கலைக்கழக நூலகத்திலேயே மென்பொருள் இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி 10 விழுக்காடு வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. தமிழ் ஆய்வேட்டில் ஒரு சிக்கல் தனியாக வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை மென்பொருள் தமிழாகவே படிக்காது; திரையில் "தமிழ்" என்று தெரிவது அதற்கு "jkpo;" மாதிரியான ஆங்கில எழுத்துக் குவியல்தான். கடைசி வாரத்தில் 250 பக்கத்தை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றக் கொடுத்தால் ஒற்றும் கொம்பும் இடம் மாறி, மெய்ப்பு பார்ப்பவருக்கு இரண்டாம் முறை பணம் தர வேண்டிவரும். முதல் இயலிலிருந்தே ஒருங்குறியில் எழுதியவருக்கு இந்தச் செலவு கிடையாது.

கட்டுரை வெளியிடப் பணம் கேட்கும் இதழ்கள் அடுத்த ஓட்டை. ஒப்படைப்பதற்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்ற நிபந்தனை 2022 யு.ஜி.சி. விதிமுறையில் இல்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் சில தாமாக வைத்திருக்கின்றன; பதிவு செய்த ஆண்டின் விதியும் முக்கியம். தனக்கு எத்தனை கட்டுரை, எந்தத் தரத்தில் வேண்டும் என்பதை ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்தில் கேட்ட பிறகே ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது வண்ணப் பக்கங்களைத் தனிக் கோப்பாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அப்படியே கொடுத்தால் வண்ணம் ஒரு புள்ளி இருக்கும் பக்கத்துக்கும் கடைக்காரர் வண்ண விலை போடுவார். முதலில் மதிப்பீட்டுக்குத் தேவையான படிகளை மட்டும் மென்மேலட்டையில் கட்டினால் போதும் என்று பல்கலைக்கழகம் சொன்னால் அப்படியே செய்யலாம்; தடித்த அட்டைப் படிகள் வைவா திருத்தத்துக்குப் பிறகு.

ஒப்படைத்த ஆறாம் மாதம் நெருங்கியும் தேர்வாளர் அறிக்கை வரவில்லை என்றால், ஆய்வாளர் தேர்வாளரைத் தொடர்புகொள்ளக் கூடாது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு, ஒப்படைத்த தேதியையும் ஆறு மாத விதியையும் குறிப்பிட்டு, நெறியாளர் மேலொப்பத்துடன் ஒரு பக்கக் கடிதம். நான்காம் மாத முடிவிலேயே முதல் கடிதம் போக வேண்டும். வேறு தேர்வாளரை நியமிக்க வேண்டிவந்தால் அதற்கும் நாள் வேண்டுமே.